கெட்டுப்போன ஒலிக்கு இத்தனை கிராக்கியா!

திரேஸ்புரம் கடற்கரைக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பும் நேரம். மோட்டார்களின் 'தடதட' ஓசை, மீன் ஏலம் கூறுவோரின் கூச்சல், காகங்களின் கரைச்சல்! இத்தனைக்கும் நடுவே ஒரு வள்ளத்திலிருந்து செல்பேசிப் பாட்டும் கேட்கும்.

உள்ளங்கை அகலமுள்ள செல்பேசி. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவு ஒலிபெருக்கி. அதிலிருந்து வரும் பாட்டு மோட்டார் சத்தத்தையும் மீறிக் காதில் விழுகிறதே, எப்படி?

பாட்டைப் பதிவு செய்தவர்கள் கையாண்ட ஒரு வித்தையும் அதற்குக் காரணம். என்ன வித்தை? ஒலியை வேண்டுமென்றே சற்றுக் 'கெடுப்பது'தான்! ஆங்கிலத்தில் இதை 'டிஸ்டார்ஷன்' என்கிறார்கள். இதற்கென்றே மேஜை மீது வைக்கும் மின்சாரப் பெட்டிகள் விற்கின்றன.

பழுதில் பிறந்த புதுமை

நல்ல ஒலியை யாராவது கெடுப்பார்களா என்று கேட்கலாம். முதலில் அது தற்செயலாகத்தான் நடந்தது.

1951-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ராக்கெட் 88' என்ற இசைத்தட்டில் கித்தார் ஒலி கரகரப்பாக இருக்கும். பதிவுக்கு வரும் வழியில் ஒலிபெருக்கி சேதமடைந்துவிட்டது என்றும், காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள் என்றும் சொல்வார்கள்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1961-ல் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' என்ற பாட்டு வெளிவந்தது. நாஷ்வில் நகரில் அதைப் பதிவு செய்தபோது ஒலிக்கலவை யந்திரத்தில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. கிரேடி மார்ட்டின் வாசித்த கித்தார், வண்டு ரீங்காரமிடுவது போல் பதிவாயிற்று. அழித்துவிட்டு மீண்டும் வாசித்திருக்கலாம். ஆனால் அதை அப்படியே விட்டார்கள். பாட்டு பெரும் வெற்றி!

பிறகு எல்லோரும் அந்த ஒலியைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவு நிபுணர் கிளென் ஸ்னாடி, அதே ஒலியைத் தரும் டிரான்சிஸ்டர் கருவி ஒன்றை உருவாக்கினார். கிப்சன் கம்பெனி 1962-ல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதை உபயோகித்த பிறகு உலகமெங்கும் அதற்குக் கிராக்கி ஏற்பட்டது.

நம் வீட்டு வித்தை

இது மேல்நாட்டாரின் சொத்து என்று எண்ண வேண்டாம். நம் தம்புராவைப் பாருங்கள். குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலை வைக்கிறார்களே, எதற்காக? அதற்கு 'ஜீவா' என்று பெயர். நூல் இல்லாவிட்டால் தந்தி 'டொங்' என்று ஒலித்து அடங்கிவிடும். நூலைச் சரியான இடத்தில் நகர்த்தினால் 'ஞொய்ங்' என்று விரிந்து, அந்த ஒரு தந்தியிலேயே பல ஸ்வரங்கள் கேட்கும்.

மிருதங்கத்திலும் அப்படித்தான். வலந்தலைத் தோல்களுக்கு இடையே சிறு குச்சித் துண்டுகளைச் செருகுவது உண்டு. அந்த லேசான அதிர்வில்தான் நாதத்துக்கு மெருகு ஏறுகிறது. நூலும் குச்சியும் செய்யும் வேலையை மின்சாரத்தால் செய்வதுதான் இந்தப் பெட்டி.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஒலி ஓர் அலை. அலை எழும்பும் உயரத்தில் ஒரு கூரை போட்டால் என்ன ஆகும்? உச்சி கூரையில் இடித்துத் தட்டையாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியலையை இப்படித்தான் தட்டையாக்குகிறது.

தட்டையான அலையில் புதிய ஒலிகள் பிறக்கின்றன. வினாடிக்கு 200 அதிர்வுள்ள ஒரு சுத்தமான ஸ்வரத்தை அனுப்புங்கள். மேலும் கீழும் ஒரே அளவாகத் தட்டினால் 600, 1000 என்ற அதிர்வுகள் கூடவே எழும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தட்டினால் 400-ம் சேர்ந்துகொள்ளும். முதல் வகை காதுக்குச் சற்றுக் கரடுமுரடு. இரண்டாவது வகையில் கொஞ்சம் கதகதப்பு தெரியும்.

செல்பேசி ரகசியமும் இதில்தான் இருக்கிறது. வினாடிக்கு 60 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியைச் செல்பேசியின் குட்டி ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது. ஆனால் 180, 240, 300 என்ற மேல் அதிர்வுகளை ஓரளவு எழுப்பும். அவற்றைக் கேட்ட நம் மூளை, இல்லாத 60-ஐயும் தானே கற்பித்துக்கொள்கிறது! வள்ளத்தில் பாட்டின் தாளக்கட்டு எடுபடுவதற்கு இது ஒரு காரணம்.

எட்டுச் சுவை

சுவீடன் நாட்டு எலெக்ட்ரான் கம்பெனி 2016-ல் 'அனலாக் ஹீட்' என்ற பெட்டியை வெளியிட்டது. அதில் எட்டு வகை மின்சுற்றுகள் இருந்தன. ஒன்று ஒலிக்கு லேசாக மெருகிடும். இன்னொன்று கிழித்துப் போடும்! 2023-ல் வந்த அதன் புதிய வடிவத்தில் எதிரொலி முதலிய விளைவுகளும் சேர்ந்தன.

உபயோகிக்கும் முறை கடினமல்ல. கம்ப்யூட்டரில் பதிவான ஒலியைப் பெட்டிக்குள் அனுப்பி, மாறி வரும் ஒலியைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, குமிழைத் திருகியதும் ஒலியின் அளவு கூடிவிடும். கூடின ஒலி எப்போதும் நல்ல ஒலி போலத் தோன்றும்; அது காதின் மயக்கம். அளவைப் பழைய நிலைக்குக் குறைத்துவிட்டு, அதன் பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பல ஸ்வரங்களைச் சேர்த்து அனுப்பினால் கலங்கிவிடும். 300, 400 அதிர்வுகள் ஒன்றாகப் போனால், யாரும் கேட்காமலே 100-ம் 700-ம் வந்து நிற்கும். ஸட்ஜம், பஞ்சமம் என்று இரண்டோடு நிறுத்தினால் ஒலி கட்டாக இருக்கும்.

மூன்றாவது, முழு ஒலியையும் கெடுக்காதீர்கள். சுத்தமான ஒலியோடு கெடுத்த ஒலியைக் கொஞ்சம் கலப்பதே உத்தமம்.

அப்பாவும் மகனும்

திரேஸ்புரத்தில் ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பா, பாட்டு பண்ணுததுக்கு ஒரு பெட்டி வாங்கணும்."

"என்ன பெட்டில அது?"

"சத்தத்தக் கெடுக்கிற பெட்டிப்பா. அரை லட்சத்துக்கு மேல ஆகும்."

"நல்ல சத்தத்தக் கெடுக்கதுக்கா அவ்வளவு துட்டு? அதுக்குப் புது வலை வாங்கலாமேல!"

அப்பாவின் கேள்வி நியாயமானது. பெட்டியைக் கண்டுபிடித்தவர்களே பழுதான யந்திரத்திலிருந்துதான் பாடம் படித்தார்கள். அதே வித்தையைச் செய்யும் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ரேடியோப் பெட்டி வழியாகப் பாட்டை ஒலிக்கவிட்டு, அதைச் செல்பேசியில் திரும்பப் பதிவு செய்து பார்க்கலாம். எதிரொலி வேண்டுமா? 1947-ல் பில் புட்னம் என்ற அமெரிக்க நிபுணர் குளியலறையையே எதிரொலிக் கூடமாக்கிப் பதிவு செய்தார்! காது பழகிய பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

"சரிப்பா. தாத்தாவை அம்பாப் பாட்டு பாடச் சொல்லி, அதை என் பாட்டுல சேர்க்கலாம்னு இருக்கேன்."

இங்கேதான் மகன் கவனமாக இருக்க வேண்டும். துடுப்பு வலிக்கவும் வலை இழுக்கவும் பாடிய பாட்டு அது. துடுப்பின் இடத்துக்கு மோட்டார் வந்த பிறகு அதைப் பாட வேண்டிய வேலையும் குறைந்துவிட்டது. முழுப் பாட்டையும் அறிந்தவர்கள் வயதானவர்கள்தான்.

ஆகவே, முதல் வேலையாகத் தாத்தாவின் குரலை எந்த விளைவும் சேர்க்காமல் சுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு ஒரு பிரதியை எடுத்து மனம் போல் முறுக்கலாம், கிழிக்கலாம். பெட்டி கெடுத்த ஒலியைப் பழையபடி சுத்தமாக்க எந்தப் பெட்டியாலும் முழுமையாக முடியாது.

தூத்துக்குடி உப்பு விளையும் ஊர். குழம்புக்கு உப்பு வேண்டும். ஆனால் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாத்தாவின் பாட்டு முதலில் உப்பில்லாமல் ஒரு பாத்திரத்தில் இருக்கட்டும்; ருசி பார்ப்பது பிறகு ஆகட்டும்!