உங்களுக்குத் தெரியுமா? சிங்கம் உலாவும் காட்டில் குடும்பத்தோடு தங்கலாம்!

★ ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து குட்டி விமானம். கீழே காட்டுக்குள் மண் ஓடுதளம். ஆனால் உடனே இறங்கிவிட முடியாது! விடுதி ஜீப் முதலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, மேய்ந்துகொண்டிருக்கும் வரிக்குதிரைகளை விரட்டும். அப்புறம்தான் தரையிறக்கம். தென்னாப்பிரிக்காவின் தனியார் வனச் சரணாலயங்கள் விருந்தாளியை வரவேற்பது இப்படித்தான்!

★ இதில் சூப்பர் ஸ்டார், சபி சாண்ட். சுமார் 65,000 ஹெக்டேர் காடு. பக்கத்து வீட்டுக்காரர் யார்? க்ரூகர் தேசியப் பூங்கா! அதன் பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-ல் பிடுங்கிவிட்டார்கள். சிங்கம் இஷ்டத்துக்கு வரலாம், போகலாம்!

★ பல விடுதிகளைச் சுற்றியும் வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக நடக்கவே கூடாது. டார்ச்சோடு ஆள் வந்து கூட்டிப் போவார். வாண்டுக்கும் இதே சட்டம். தாத்தாவுக்கும் இதே சட்டம்!

★ கதவை நன்றாகத் தாழிடுங்கள் என்பார்கள். திருடன் பயமா? இல்லவே இல்லை, குரங்கு பயம்! பபூன்கள் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறக்கும் கில்லாடிகள். பழத்தட்டும் சர்க்கரையும்தான் முதல் குறி!

★ நீச்சல் குளம் உங்களுக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? யானைக்கும்தான்! வறட்சிக் காலத்தில் குளத்தங்கரைக்கு வந்து தும்பிக்கையை நீட்டிவிடும். ஒரே உறிஞ்சலில் ஏழெட்டு லிட்டர் காலி!

★ சஃபாரி வண்டிக்குக் கதவு இல்லை. கண்ணாடி இல்லை. பெரும்பாலும் கூரையும் இல்லை! ஆனாலும் சிங்கம் டயரை உரசிக்கொண்டு போகும், உங்களைச் சட்டை செய்யாது. வண்டியையும் அதில் இருப்பவர்களையும் சேர்த்து ஒரே உருவமாகத்தான் அது பார்க்கிறது. யாராவது எழுந்து நின்றால் அந்த உருவம் உடையும். முதல் விதியே அதுதான்: உட்கார்ந்தே இருங்கள்!

★ பானெட்டுக்கு முன்னால், ஒரு மூலையில் தனி நாற்காலி துருத்திக்கொண்டிருக்கும். அதில் உட்காருபவர் தடம் பார்ப்பவர். ஓடும் வண்டியிலிருந்தே மண்ணில் பதிந்த கால்தடத்தைப் படித்து, “பெண் சிறுத்தை, இப்போதுதான் போயிருக்கிறது” என்பார். சிங்கம் நெருங்கினால் மட்டும் சத்தமில்லாமல் வண்டிக்குள் வந்துவிடுவார்!

★ க்ரூகரில் சொந்தக் காரில் போனால் சாலையை விட்டு இறங்க முடியாது. குறிப்பிட்ட இடங்கள் தவிர காரை விட்டும் இறங்க முடியாது. தார்ச்சாலையில் வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது! தனியார் சரணாலயத்திலோ சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் வண்டியும் பின்னாலேயே நுழையும். ஆனால் ஒரு விலங்கைச் சுற்றி வண்டிகள் மொய்க்க முடியாது. பல இடங்களில் உச்சவரம்பு வெறும் 3!

★ சபி சாண்ட் சிறுத்தைகளுக்கு மூக்குக்குப் பக்கத்திலேயே அடையாள அட்டை! மீசை வரிசைக்கு மேலே இருக்கும் புள்ளிகளை வலப்பக்கம் இத்தனை, இடப்பக்கம் இத்தனை என்று எண்ணுவார்கள். 3:2 என்றால் ஒருத்தி, 4:3 என்றால் இன்னொருத்தி. லண்டோலோசி விடுதிக்காரர்கள் ஒரு தாய்ச் சிறுத்தையின் வம்சத்தையே தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். எப்போதிலிருந்து? 1979-லிருந்து!

★ காலை ஐந்து, ஐந்தரைக்கே கதவைத் தட்டிவிடுவார்கள். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். இருக்கையில் கம்பளி தயார், மடியில் வெந்நீர்ப் பை தயார். கையில் சூடான காபி, தொட்டுக்கொள்ள... ரஸ்க்! ஆமாம், தென்னாப்பிரிக்கர்களும் ரஸ்க்கைக் காபியில் முக்கித்தான் சாப்பிடுகிறார்கள்!

★ அதோடு முடிந்ததா? சஃபாரி முடிந்து காலைச் சாப்பாடு. பிறகு மதியச் சாப்பாடு, மாலைப் பலகாரம். சூரியன் மறையும் நேரத்தில் நடுக்காட்டில் வண்டியை நிறுத்திக் கொறிக்க ஏதாவது. இரவில் நட்சத்திரங்களுக்குக் கீழே நெருப்பைச் சுற்றி விருந்து. காபி ரஸ்க்கையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஆறு வேளை!

★ குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு! பல விடுதிகளில் 6 வயதுக்குக் கீழே இருந்தால் மற்றவர்களோடு பொது வண்டியில் ஏற முடியாது. கவலை வேண்டாம், குடும்பத்துக்கென்று தனி வண்டி எடுத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் நடந்து போகும் சஃபாரிக்கோ வரம்பு இன்னும் கடுமை. 12 வயது, சில இடங்களில் 16!

★ கைக்குழந்தையோடு போகிறீர்களா? மலேரியா பயம் இல்லாத காடும் இருக்கிறது! போட்ஸ்வானா எல்லையை ஒட்டிய மடிக்வே. 75,000 ஹெக்டேர். ஒரு காலத்தில் இங்கே மாட்டுப் பண்ணைகள்தான்! 1991-ல் தொடங்கி, லாரி லாரியாக விலங்குகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 28 இனங்கள். மொத்தம் 8,000-க்கும் மேல்!

★ மடிக்வேக்கு யானைகளும் குடும்பத்தோடுதான் வந்தன! ஜிம்பாப்வேயில் வறட்சி. அங்கிருந்து அம்மா, பெரியம்மா, குட்டிகள் என்று கூட்டம் கூட்டமாகவே கொண்டுவந்தார்கள். பயணித்தவை சுமார் 180 யானைகள்!

★ தென்னாப்பிரிக்காவிலேயே பெரிய தனியார் சரணாலயம், கலஹாரியில் இருக்கும் ட்ஸ்வாலு. 1,10,000 ஹெக்டேருக்கும் மேல்! இங்கேயும் மலேரியா இல்லை. விடியற்காலையில் மீர்கேட்கள் வளையை விட்டு வெளியே வந்து, பின்னங்கால்களில் வரிசையாக நின்று, வயிற்றை வெயிலுக்குக் காட்டும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்!

★ பெரிய ஐந்து தெரியும்தானே? சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. குட்டி ஐந்து தெரியுமா? எறும்புச் சிங்கம், சிறுத்தை ஆமை, யானை மூஞ்சூறு, காண்டாமிருக வண்டு, எருமைக் குருவி. ஐந்தையும் பார்த்துவிட்டால் வாண்டுகளுக்குத் தலைகால் புரியாது!

★ எறும்புச் சிங்கம் வேறு யாருமில்லை, நம்ம ஊர் குழிநரிதான்! மணலில் புனல் மாதிரி சின்னக் குழி. ஓரத்தைப் புல் நுனியால் லேசாகக் கிளறினால் அடியிலிருந்து மணலை வாரி இறைக்கும். எறும்பு விழுந்துவிட்டது என்று அதற்கு நினைப்பு. சிங்கம் தூங்கும் நேரத்தில் வழிகாட்டிகளின் கைவசம் இருக்கும் வேடிக்கை இதுதான். சிங்கமோ ஒரு நாளில் 20 மணி நேரம் வரை தூங்கும்!

★ கால்தடத்தை வீட்டுக்கு எடுத்து வரலாம்! ஈர மண்ணில் நல்ல தடமாகத் தேடுவார்கள். சுற்றிலும் அட்டையால் வளையம். அதற்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றி, இறுகும்வரை காத்திருந்து, மெல்லப் பெயர்த்து, மண்ணைத் துடைத்தால்... குழந்தையின் கையில் கழுதைப்புலியின் பாதம்! நான்கு விரல், நான்கு நகம்!

★ அதே கழுதைப்புலியின் சாணம் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளை வெளேர்! எலும்பையே நொறுக்கித் தின்பதால் அத்தனையும் கால்சியம். அந்தக் கூட்டத்தில் ஆட்சி யாருடையது? பெண்களுடையது!

★ இம்பாலா மானைப் பின்னாலிருந்து பாருங்கள். வாலும் கறுப்புக் கோடுகளும் சேர்ந்து ‘எம்’ போலவே தெரியும். வழிகாட்டிகள் வைத்திருக்கும் செல்லப்பெயர், ‘காட்டின் மெக்டொனால்ட்ஸ்’. எங்கும் கிடைக்கும், எல்லாரும் சாப்பிடுவார்கள்!

★ ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் தும்மல் போட்டே ஓட்டெடுப்பு நடத்தும்! வேட்டைக்குக் கிளம்பலாமா, வேண்டாமா என்பதற்குத்தான் இந்த ஓட்டு. போட்ஸ்வானா ஆய்வு ஒன்று 2017-ல் இதை வெளியிட்டது. தலைவர்கள் கிளப்பினால் 3 தும்மல் போதும். சாதா நாய் கிளப்பினால்? சுமார் 10 தும்மல்!

★ சாண வண்டுக்கு வழிகாட்டி யார்? பால்வீதி! ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்கே வண்டுகளைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். வானம் தெரியாதபடி அட்டைத் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். பாவம், வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தன! 2013-ல் அந்த ஆய்வுக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசு!

★ குட்டி யானைக்குத் தும்பிக்கையை என்ன செய்வது என்றே தெரியாது! ஆட்டும், வாயில் வைத்துச் சப்பும், தானே மிதித்துத் தடுக்கும். தண்ணீரை வாயாலேயே குடிக்கும். அம்மா வயிற்றில் இருந்ததோ 22 மாதம்!

★ ஒட்டகச்சிவிங்கி நின்றுகொண்டே குட்டி போடும். பிறந்ததும் சுமார் 2 மீட்டர் உயரத்திலிருந்து தொபுக்கடீர்! ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். பிறந்த குழந்தையின் உயரம் ஏறக்குறைய 6 அடி!

★ சிவிங்கிப்புலிக்குக் கர்ஜிக்கத் தெரியாது. பூனை மாதிரி குர்ர்ர் என்று கொஞ்சத்தான் தெரியும்! சிங்கத்தின் கர்ஜனையோ அமைதியான இரவில் 8 கிலோமீட்டர் வரை கேட்கும். அறைக்குப் பக்கத்தில் கேட்கிறதே என்று பதறாதீர்கள். அது தொலைவிலும் இருக்கலாம்!

★ இரவு சஃபாரியில் ஓடும் வண்டியிலிருந்தே பச்சோந்தியைக் கண்டுபிடிப்பார்கள்! தூங்கும்போது அது வெளிறிவிடும். விளக்கு வெளிச்சத்தில் இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். ஆனால் மான் மீதும் வரிக்குதிரை மீதும் விளக்கடிக்க மாட்டார்கள். கண் கூசித் தடுமாறினால் சிங்கத்துக்கு ஓசிச் சாப்பாடு!

★ டிம்பவாட்டி சரணாலயத்தில் வெள்ளைச் சிங்கங்கள் உண்டு! 1975-ல் இங்கே வெள்ளைக் குட்டிகள் பதிவாயின. நிறமி முழுதும் இல்லாதவை அல்ல, அபூர்வ மரபணுதான் காரணம். இரண்டு பழுப்புச் சிங்கங்களுக்குக் கூட வெள்ளைக் குட்டி பிறக்கலாம்!

★ பெரிய ஐந்தும் உங்கள் பர்ஸுக்குள்ளேயே இருக்கும்! 10 ராண்ட் நோட்டில் காண்டாமிருகம், 20-ல் யானை, 50-ல் சிங்கம், 100-ல் காட்டெருமை, 200-ல் சிறுத்தை. 2023-ல் வந்த புதிய நோட்டுகளில் இவையும் தனியாக இல்லை. குட்டிகளோடு, குடும்பத்தோடு!

★ கடைசியாக, குழந்தைகளுக்கு அங்கே ரொம்பப் பிடித்த விளையாட்டு என்ன தெரியுமா? மான் புழுக்கை துப்பும் போட்டி! காய்ந்து உருண்டையான புழுக்கையாகப் பொறுக்கி, வாயில் வைத்து, மூச்சை இழுத்து... ப்பூ! அம்மாக்கள் அலறுவார்கள், அப்பாக்களும் களத்தில் குதிப்பார்கள். குடு மான் புழுக்கையில் 2006-ல் படைக்கப்பட்ட உலக சாதனையே இருக்கிறது. எவ்வளவு தூரம்? 15.56 மீட்டர்!