பதினெட்டு வயதில் படியிறங்கும் பிள்ளைகள்

ஹைதராபாத்தில் சைதாபாத், நிம்போலிஅட்டா என்றால் அரசுச் சிறுவர், சிறுமியர் இல்லங்கள் பலருக்கு நினைவுக்கு வரும். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இத்தகைய இல்லங்களில் சோறும் துணியும் படிப்பும் உண்டு. ஆனால் 18 வயது நிரம்பினால் வெளியேற வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் இவர்கள் வாடகைக்கு அறை தேட வேண்டியிருக்கிறது. முன்பணம் கொடுக்கவோ, ஜாமீன் நிற்கவோ ஆள் இல்லாதவனுக்குத் தெருவே கதி.

குடியும் நோயும்

தெலங்கானாவில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். தெருவில் அது பெரிய தடையல்ல. பசியையும் பயத்தையும் மறக்கக் குடி துணையாகிறது. 2025 ஜூலையில் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் பல உயிர்களைப் பலி வாங்கியது. குடியோடு இன்னொரு ஆபத்தும் வருகிறது. போதையில் ஆணுறை நினைவுக்கு வராது. ஓர் இரவு தங்க இடம் தந்து உடலை விலையாகக் கேட்பவனை மறுக்கும் வலுவும் போய்விடும். பால்வினை நோயும் எய்ட்ஸ் கிருமியும் இப்படித்தான் தொற்றுகின்றன.

திட்டினால் திருந்துவார்களா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வீடற்ற 200 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு நான்கு அமர்வுகள் நடந்தன. உபதேசம் இல்லை, குடியையும் உடலுறவையும் பற்றி அவர்களையே பேசவிட்டனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட இவர்களிடம் குடி குறைந்திருந்தது.

உரிமை உண்டு

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்குப் பண உதவிக்கு வழி செய்கிறது. பின்பராமரிப்பு 21 வயது வரை. விசேஷ காரணம் இருந்தால் 23 வரை. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் கேட்க வேண்டும்.

காந்தி, உஸ்மானியா ஆஸ்பத்திரிகளில் எய்ட்ஸ் கிருமிப் பரிசோதனை இலவசம். சம்மதமின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆலோசனைக்கு 1097, குடியை விட 14446. இரண்டும் கட்டணமில்லாத தொலைபேசி எண்கள்.

ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு முதல் அறை, முதல் வேலை யார் சிபாரிசில் கிடைத்தது என்பது மறந்திராது. பட்டறையிலோ ஹோட்டலிலோ ஆள் எடுக்கும்போது, இல்லத்தில் வளர்ந்த பிள்ளை என்று தயங்க வேண்டாம். இரவில் படுக்க ஓர் அறை இருந்தால் பாதி ஆபத்து விலகும்.