எழுத்தில் நான் வளர்ந்தேனா? மாணவர்களுக்கு ஒரு செய்முறை

“இந்தத் தாளின் மூலம் என் எழுத்தாற்றல் பெரிதும் மேம்பட்டது. பல புதிய செய்திகளைக் கற்றுக்கொண்டேன். வாய்ப்பளித்த பேராசிரியருக்கு நன்றி.” படைப்பிலக்கியமோ கட்டுரைப் பயிற்சியோ படிக்கும் மாணவர்களிடம் பருவ முடிவில் “உங்கள் எழுத்து எப்படி வளர்ந்தது, ஒரு கட்டுரை எழுதுங்கள்” என்று சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆண்டு விழாவில் கடைசியாக மைக்கைப் பிடிப்பவரின் நன்றியுரை போலத்தான் இது. மாணவர் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதினால் அவருக்கும் அப்படியே பொருந்தும். எந்தக் கட்டுரையில், எந்த வாக்கியத்தில், என்ன மாறியது என்ற தகவல் ஒன்றுகூட இருக்காது.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடைசி வாரத்தில் திடீரென்று கேட்டால் அவர்களிடம் நன்றியைத் தவிர வேறென்ன இருக்கும்? தன் எழுத்தைத் தானே மதிப்பிடுவதற்கு ஆதாரம் வேண்டும். அதைப் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே சேர்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தப் பயிற்சிக்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1980களில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் என்ற இரு ஆசிரியர்கள் எழுத்துத் திறன் தேர்வை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக மாணவரின் எழுத்துக் கோப்பைப் பார்த்துத் தேர்ச்சி தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். கோப்பில் திருத்தி எழுதிய கட்டுரைகள் இருக்கும். கட்டுரை எப்படி உருவானது என்று மாணவரே எழுதிய தாளும் கூட இருக்கும். மாணவருக்குப் பாடம் எடுக்காத இன்னொரு ஆசிரியர் அதைப் படித்து முடிவு சொல்வார். நம் வகுப்பறைக்கு ஏற்ப அதை எப்படிச் செய்யலாம் என்று இனிப் பார்ப்போம்.

1. முதல் வாரக் கட்டுரையை எடுத்து வையுங்கள்

முதல் வாரமே வகுப்பில் உட்கார்ந்து, கையால், 20 நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி இருக்கட்டும்: சொந்த ஊர், விடுமுறையில் வேலை பார்த்த கடை, தினமும் ஏறும் பேருந்து. தேதி போடுங்கள். பிழை கண்ணில் பட்டாலும் கைவைக்காதீர்கள். பருவம் முழுவதும் எழுதப்போகும் மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

2. எதையும் கிழித்துப் போடாதீர்கள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் வரைவு, அடித்துத் திருத்திய இரண்டாவது வரைவு, ஆசிரியரிடம் கொடுத்த படி என எல்லாமே வேண்டும். தாளில் எழுதுபவர்கள் ஒரு ஃபைலில் தேதி வாரியாகக் கோத்து வைக்கலாம். செல்போனில் தட்டச்சு செய்பவர்கள் பழையதன் மேலேயே திருத்தாமல் ‘கட்டுரை 2, வரைவு 1’ என்று தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதினால் பழைய வடிவங்கள் பதிப்பு வரலாற்றில் தாமாகவே இருக்கும். தேவையானபோது திறந்து பார்க்கலாம்.

3. சிவப்பு மைக்குக் கணக்கு எழுதுங்கள்

தாள் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பையில் போடுவது வழக்கம். இனி ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, ஆசிரியர் குறிப்பு, எந்த வகைப் பிழை, அடுத்த முறை சரிசெய்தேனா. ஒற்று மிகுதல், ல ள ழ குழப்பம், ர ற குழப்பம், எழுவாயோடு பொருந்தாத வினைமுற்று இவையெல்லாம் ஒரு வகை. சான்றில்லாத கருத்து, இடையில் அறுந்த வாதம், சொன்னதையே திரும்பச் சொல்லும் முடிவுரை இவை வேறு வகை. சில கட்டுரைகள் முடிந்ததும் பட்டியலைப் பார்த்தால் ஒரே குறிப்பு மீண்டும் மீண்டும் வந்திருப்பது தெரியும். உங்கள் எழுத்தில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

4. எந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்

நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வில் 20 மாணவர்களும் அனுபவமுள்ள 20 எழுத்தாளர்களும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டார். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் பெரும்பாலும் ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைப்பது. எழுத்தாளர்களோ தாங்கள் சொல்ல வருவது என்ன, அதற்கு ஏற்ற வடிவம் எது என்று தேடிக்கொண்டே திருத்தினார்கள்.

பருவத்தின் பாதியில் உங்கள் வரைவுகளை எடுத்து இதைச் சோதித்துப் பாருங்கள். சொல் அளவில் செய்த மாற்றங்களை நீலத்தில் அடிக்கோடிடுங்கள். பத்தியை இடம் மாற்றியது, ஒரு கருத்தையே கைவிட்டது, புதிதாக ஒரு சான்றைச் சேர்த்தது ஆகியவற்றைப் பச்சையில் குறியுங்கள். பக்கம் முழுக்க நீலமாகவே இருந்தால் நீங்கள் பிழை பார்த்திருக்கிறீர்கள், திருத்தி எழுதவில்லை. அடுத்த கட்டுரையில் பச்சை வர என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க இன்னும் பாதிப் பருவம் மிச்சம் இருக்கிறது.

5. மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள்

அதிக மதிப்பெண் வாங்கியதையே எடுக்க வேண்டியதில்லை. முதல் வாரக் கட்டுரை ஒன்று. உங்களை அதிகம் படுத்தி எடுத்தது ஒன்று. கடைசியாக எழுதியது ஒன்று. படுத்தி எடுத்த கட்டுரையைத் தவிர்த்துவிடாதீர்கள். சொல்வதற்கு விஷயம் அதிகம் கிடைப்பது அதில்தான்.

6. அருகருகே வைத்துப் பாருங்கள்

இந்தச் செய்முறையின் உயிர் இந்தப் படிதான். அதனால் ஒரு மாதிரியை வைத்தே பார்ப்போம். முதல் வாரத்தில் ஒரு மாணவி இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் அழகிய கிராமம் ஆகும். இங்கு வாழும் மக்கள் விவசாயத்தை முதுகெலும்பாகக் கொண்டு ஒற்றுமையுடன் வாழ்ந்து வருகின்றனர்.”

பருவ முடிவில் அதே ஊர்:

“எங்கள் ஊர்க் கண்மாயில் மழைக்குப் பிறகு சில மாதம்தான் தண்ணீர் கிடக்கும். மற்ற நாளெல்லாம் அது கிரிக்கெட் மைதானம். மடைக்கல்தான் ஸ்டம்ப். தண்ணீர் வந்துவிட்டால் ஆட்டம் போச்சே என்று பையன்களுக்கு வருத்தம். வராவிட்டால் நாற்று விட முடியாதே என்று அப்பாக்களுக்கு வருத்தம்.”

முதல் பத்தியில் இலக்கணப் பிழை இல்லை. பள்ளித் தேர்வில் முழு மதிப்பெண்கூடக் கிடைக்கும். ஆனால் அதை எழுத அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ‘எழில் கொஞ்சும்’, ‘முதுகெலும்பு’, ‘ஒற்றுமையுடன்’ எல்லாம் கைக்குத் தயாராகக் கிடைத்த சொற்கள். இரண்டாவதில் கண்மாய், மடைக்கல், ஸ்டம்ப் என்று கண்ணால் பார்த்த பொருள்கள் இருக்கின்றன. ‘ஆகும்’ என்ற பாடநூல் முடிப்பு போய்விட்டது. ஒரே தண்ணீர் ஒரு வீட்டுக்குள்ளேயே இருவருக்கு இரண்டு விதமாகப் படுகிறது என்ற கவனிப்பும் வந்திருக்கிறது. இப்படி இரண்டையும் வைத்துக்கொண்டு, மாறியவற்றை ஒவ்வொன்றாகக் குறிப்பெடுங்கள்.

7. இப்போது கட்டுரையை எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். பத்திக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன மாறியது, பழைய வரி எது, புதிய வரி எது, மாற்றியது ஏன் என்ற நான்கும் ஒவ்வொரு பத்தியிலும் இருக்கட்டும். அந்த மாணவி இப்படி எழுதலாம்:

“ஊரைப் பற்றிய முதல் கட்டுரையில் என் ஊரில் மட்டும் இருக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் உட்காரும் தோழி ஓரத்தில் ‘இது எந்த ஊருடீ?’ என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த வரைவில் ‘அழகிய’ என்பதை எடுத்துவிட்டுக் கண்மாயைக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் ‘வளர்ந்தேன்’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் வளர்ச்சி தெரிகிறது, அதற்கான காரணமும் தெரிகிறது. அடுத்த கட்டுரைக்கு எடுத்துச்செல்ல ஒரு பழக்கமும் அவரிடம் இருக்கிறது.

8. வளராத இடத்தையும் எழுதுங்கள்

கண்மாய் ஏன் சீக்கிரம் வற்றுகிறது என்று அந்தப் புதிய பத்தியிலும் இல்லை. வரத்துக்கால் தூர்ந்துவிட்டதா, ஆக்கிரமிப்பா, மழையே குறைவா? பார்த்ததைச் சொல்லத் தெரிந்துவிட்டது, விசாரித்து எழுத இன்னும் வரவில்லை. அதை அப்படியே ஒரு பத்தியாக எழுத வேண்டும். சிவப்பு மைப் பட்டியலில் கடைசிவரை தீராமல் நின்ற பிழை இருந்தால் அதையும் சேருங்கள். “இன்னும் முன்னேற வேண்டும்” என்று பொதுவாக முடித்தால் மறுபடி நன்றியுரைக்கே போய்விடுவோம்.

9. பெயரை மறைத்துப் படித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்ததும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் படிக்கக் கொடுங்கள். யார் எழுதியது என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்தால் கோப்பில் வைத்துவிடலாம். யாருக்கும் பொருந்துகிறது என்றால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஐந்தையாவது இந்தக் கோப்புக்கு ஒதுக்குங்கள். எட்டாவது படியில் தன் குறையை ஒளிக்காமல் எழுதிய மாணவருக்கு அந்தக் குறைக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஒரு முறை குறைத்துவிட்டால் போதும், அடுத்த பருவத்தில் வகுப்பு முழுவதும் நன்றியுரைதான் எழுதும்.