மலேசியச் சுற்றுலா: முதலில் மாதம், பிறகுதான் விலை

ஒரு கொன்டெய்னர் சாமான் இறக்குவதென்றால் நமது வியாபாரிகள் பத்து இடத்தில் விலை கேட்பார்கள். கப்பல் கூலி எவ்வளவு, சுங்கத் தீர்வை எவ்வளவு, எந்த மாதத்தில் இறக்கினால் ஓடும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பார்கள். அதே வியாபாரி மனைவி மக்களோடு மலேசியாவுக்குப் போக நினைத்தால், பத்திரிகையில் கண்ட "ஐந்து நாள், நான்கு இரவு" விளம்பரத்தைப் பார்த்து மறுநாளே முற்பணம் கட்டிவிடுகிறார். போகிற மாதத்தில் அங்கே மழையா வெயிலா என்று கூடக் கேட்பதில்லை. சில இலட்சங்கள் செலவாகும் ஒரு கொள்வனவு இது என்பதை மறந்துவிடுகிறோம்.

மலேசியாவை நம்மவர்கள் விரும்புவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து விமானத்தில் மூன்றரை மணித்தியாலம் அளவில்தான். நேர வித்தியாசமும் இரண்டரை மணித்தியாலம் மாத்திரமே. ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொழுகைக்கு இடம் பெரிய கடைத்தொகுதிகளுக்குள்ளேயே இருக்கிறது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தமிழிலேயே பேரம் பேசலாம். வயதான பெற்றோரையும் கூட்டிச் செல்ல வசதியான நாடு.

ஆனால் அந்த நாட்டின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் மழை பெய்வதில்லை. நவம்பர் முதல் பெப்ரவரி வரையில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையைத் தாக்குகிறது. பெர்ஹென்தியான், ரெடாங், தியோமான் ஆகிய தீவுகளில் கடல் கொந்தளிப்பதால் விடுதிகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் மூடப்பட்டுவிடும். விளம்பரப் படங்களில் பளிங்கு போல் தெரியும் கடல் பெரும்பாலும் இந்தத் தீவுகளுடையதுதான். டிசம்பரில் போகிறவர் அந்தப் படத்தை மறந்துவிட்டு மேற்குக் கரைக்குப் போக வேண்டும். அப்போது லங்காவியில் நல்ல வெயில் காலம். ஓகஸ்ட்டில் நிலைமை தலைகீழ். கிழக்குக் கரைத் தீவுகள் அருமையாக இருக்கும், லங்காவியில் மழை கூடிக்கொண்டு வரும்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தோனேசியாவின் சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகள் எரியும்போது எழும் புகை கடலைத் தாண்டி வந்து மலேசியாவை மூடிவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் வருவதில்லை. வந்தால் வெளியே நடமாட முடியாது. 2015 இலும் 2019 இலும் செப்டெம்பரில் அங்கே பாடசாலைகளையே மூடினார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இனி நமது பக்கத்துக் கலண்டருக்கு வருவோம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில்தான் நீண்ட விடுமுறை. அந்த மாதத்தில் எந்த வியாபாரி, அதிலும் எந்தப் புடவைக் கடைக்காரர் கடையை விட்டு அசைவார்? ஆகவே, "பெருநாள் முடிந்தவுடன் போவோம்" என்று பலர் முடிவெடுக்கிறார்கள். வியாபாரக் கணக்கில் அது சரியாகத் தோன்றலாம். மலேசியாவிலோ ஹரி ராயா என்பது ஊரே பெயர்ந்து கிராமத்துக்குப் போகும் காலம். இரயில் ஆசனங்கள் நெடுநாளைக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும், நெடுஞ்சாலைகளில் வாகனம் நகராது, நாம் தேடிப்போகும் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் பல நாட்கள் பூட்டியிருக்கும். பெருநாள் கழிந்து இரண்டு வாரம் பொறுத்துப் போவது நல்லது. சீனப் புத்தாண்டு வாரத்துக்கும் இதே கதைதான்.

மாதத்தை முடிவுசெய்தாலும் திகதியை உடனே எழுதிவிடாதீர்கள். காசோலைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சாமான் தந்தவர்களுக்குப் பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகள் எந்த வாரத்தில் வங்கிக்குப் போகின்றன? நமக்கு வரவேண்டியவை எப்போது மாறுகின்றன? முதலாளி லங்காவியில் கேபிள் காரில் ஏறும் நேரம், கொழும்பில் அவருடைய காசோலை திரும்பினால் அந்தப் பெயரை மீட்க ஒரு வருடமாகும். அந்த வாரத்துக்குரிய பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டுப் புறப்படுவதே முறை.

செலவு விடயத்தில், விளம்பரத்தில் உள்ள தொகையைவிட அதில் இல்லாதவற்றையே கேட்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் 2017 செப்டெம்பர் முதல் சுற்றுலா வரி அறவிடப்படுகிறது. இரண்டு அறை, ஆறு இரவு என்றால் 120 ரிங்கிட். இதைப் பெரும்பாலும் ஹோட்டலில்தான் கேட்பார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் பெட்டிக்குத் தனிக் காசு. டிக்கட் எடுக்கும்போதே கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கட்டினால் வேறு விலை. விமான நிலையம் நகரத்திலிருந்து 50 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. விரைவு இரயில் அரை மணித்தியாலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 2016 இலேயே 55 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. தனியாகப் போகிறவருக்கு அது சரி. நான்கைந்து பேர் என்றால் கிரெப் வாகனம் ஒன்றே போதும், செலவும் குறைவு. மூன்று நான்கு பிள்ளைகள் உள்ளவர்கள் ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஒன்றை எடுப்பது கட்டுப்படியாகும்.

நாணய மாற்றையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அப்படியொரு காலம் எப்போதும் வருவதில்லை என்றாலும், டிக்கட்டையும் ஹோட்டலையும் இன்று கட்டிவிட்டுக் கைச்செலவுப் பணத்தைக் கடைசி வாரத்தில் மாற்றுகிறவர், விலை ஏறினால் தாங்குவதற்கு ஓர் ஒதுக்கு வைத்திருக்க வேண்டும். கடை லாச்சியிலிருந்து எடுத்துச் சமாளிப்பது ஒதுக்கு ஆகாது.

அடுத்தது, போகிற போக்கில் கொள்வனவும் செய்யலாமே என்ற ஆசை. மஸ்ஜித் இந்தியாவும் அதையொட்டிய துவான்கு அப்துல் ரஹ்மான் வீதியும் புடவைக்குப் பெயர் போனவை. கெனாங்கா தொகுதியில் ஆயத்த ஆடைகள் மொத்தமாகக் கிடைக்கும். வியாபாரிக்கு இவற்றைக் கண்டும் காணாமல் வரச் சொல்வது நடக்கிற காரியமல்ல. ஆனால் முதல் நாளே மாதிரிப் பையோடு புறப்பட்டவர் மாலை வரை திரும்பமாட்டார், பிள்ளைகள் ஹோட்டல் அறையில் டீவி பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி இரண்டு நாளை அதற்கு ஒதுக்குங்கள், மனைவியையும் மகளையும் கூட்டிச் செல்லுங்கள். புடவை வாங்குகிறவரின் கண் அவர்களுக்குத்தான் இருக்கிறது, நமக்கல்ல. மாதிரியும் விலைப்பட்டியலும் எடுத்து வந்தால் போதும். விற்பனைக்குரிய அளவில் பெட்டியில் அடைத்து வந்தால் கட்டுநாயக்கவில் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

எங்கே எத்தனை நாள்? டிசம்பரில் ஏழெட்டு இரவு என்றால் கோலாலம்பூரில் மூன்று, பினாங்கில் இரண்டு, லங்காவியில் இரண்டு. கொள்வனவு உள்ளவர்கள் மிஞ்சும் இரவைத் திரும்பும் வழியில் தலைநகருக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே 1965 இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலையும் அதற்கு அண்மையிலுள்ள இஸ்லாமியக் கலை நூதனசாலையையும் ஒரே நாளில் பார்க்கலாம். இரட்டைக் கோபுரத்தில் ஏறுவதற்குத் திங்கட்கிழமையை வைக்காதீர்கள், பொதுவாக அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பினாங்குக்கு மின்சார இரயிலில் பட்டர்வர்த் வரை நான்கு மணித்தியாலம் அளவில் போய், அங்கிருந்து படகில் ஜோர்ஜ் டவுனுக்குக் கடக்கலாம். அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801 இல் இந்திய முஸ்லிம் வணிகர்களால் அமைக்கப்பட்டது. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன நம் மொழிக்காரர்களின் அடையாளம் என்பதால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம். கேமரன் மலைக்கு எல்லா பெக்கேஜிலும் ஒரு நாள் வைத்திருப்பார்கள். நுவரெலியாவைப் பார்த்த குடும்பத்துக்குத் தேயிலைத் தோட்டம் காட்ட எதற்கு ஒரு நாள்? அதை லங்காவிக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. நமக்குப் பயன்படுவது சொக்கலட்தான். அது கெடா மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, அரச அலுவல் எதையும் வெள்ளிக்கு வைக்கக்கூடாது.

வீசா இலங்கையருக்கு அவசியம். இணையத்தினூடாக இலத்திரனியல் வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நடைமுறைகள் மாறுவதால் டிக்கட்டுக்குக் காசு கட்டுமுன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு பிள்ளைகளுடையது உட்பட ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். 2024 தொடக்கத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டையையும் கேட்கிறார்கள். நாட்டுக்குள் நுழைவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவரின் பெயரிலும் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான்.