கொடைக்கானல் ஏறும் காருக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்கள் மேஜைக்குக் கம்ப்யூட்டர் இப்போதுதான் வந்திருக்கலாம். ஆனால் வாசலில் கார் நின்றால், அதற்குள் இசியு என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று முன்பே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் சாப்ட்வேர் இன்ஜினீயர்தான், ஆனாலும் அதைக் கவனித்தது ஒரு நாள் நன்றாகப் பயந்த பிறகுதான்.

எங்கள் வீடு பெருமாள்மலையில். அம்மாவுக்குக் கொடைக்கானலில் ஆசிரியை வேலை. தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மலையேறி அவரை விட்டுவிட்டு வந்துதான் லேப்டாப்பைத் திறப்பேன். கார் பழையது, டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல். ஒரு மழை நாளில் அப்பா, அம்மா, அக்கா, அவள் குழந்தை, மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் எதிரே பஸ் வர, நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பினால் வண்டி இழுக்கவில்லை. ஓரடி பின்னால் உருண்டது. "தம்பி, நாங்க இறங்கி நடந்து வர்றோம்பா" என்றார் அம்மா. அன்றிரவே வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கல்லூரி நண்பன், "சூப்பர்சார்ஜர் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்டா, முடிஞ்சது" என்றான். முடியவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் இசியு பெட்ரோலையும் குறைக்கும். ஆக, கீழே 80 குதிரைத்திறன் தரும் சாதாரண இன்ஜின், ஏரிக்கரைக்கு வரும்போது சுமார் 65 ஆகிவிடும். கார் பழுதாகவில்லை. மலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீங்களே பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற சாக்கெட் இருக்கும். அதில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால், இசியு பார்க்கும் எண்கள் உங்கள் போனில் தெரியும். அதில் காற்றழுத்தம் என்ற வரியைத் தேடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தபோது, என் கார் வத்தலக்குண்டில் 97 கிலோபாஸ்கல் காட்டியது. கொடைக்கானல் ஏரிக்கரையில் 79. அந்த 18 எங்கே போனதோ, என் இழுவையும் அங்கேதான் போயிருந்தது.

இந்த இழப்பை ஈடுகட்ட, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ள வேண்டும். சூப்பர்சார்ஜர் இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்தது. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பலன் தெரியும். ஆனால் தன்னைச் சுற்றவே இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். டர்போ, வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றுவது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். புகை போதாத குறைந்த வேகத்தில் மட்டும் தூங்கிவிடும். சும்மா கிடந்த ஹார்டு டிஸ்க் மீண்டும் சுழன்று பைலைத் திறப்பதற்குள் ஒரு நொடி காத்திருப்பீர்களே, அதே தாமதம்தான்.

மலையில் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு வேறு. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் காற்றை இத்தனை மடங்கு என்றுதான் அமுக்கும். வரும் காற்றே குறைந்தால் வெளியே தருவதும் அதே விகிதத்தில் குறையும். டர்போவிலோ, புகையின் ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்பிவிட வேஸ்ட்கேட் என்ற கதவு உண்டு. இன்றைய கார்களில் அந்தக் கதவு இசியுவின் கையில் இருக்கிறது. அழுத்தம் குறைகிறதா? கதவை இன்னும் மூடு, டர்போ வேகமாகச் சுற்றட்டும். ப்ராசஸர் சூடானதும் உங்கள் சிபியு ஃபேன் தானாக வேகமெடுக்கிறதே, அதே கணக்கு. இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும்.

அத்தானின் 1.0 லிட்டர் டர்போ காரில் இதைச் சோதித்தேன். 2,500 சுற்றுக்கு மேல் முழுதாக மிதித்தபோது, டம் டம் பாறை அருகிலும் கொடைக்கானலிலும் அழுத்த எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வளைவில் இரண்டாம் கியரில் 1,200 சுற்றுக்கு இறங்கியதும் எண் 80-ஐ ஒட்டி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின், என் பழைய காரைவிடச் சின்னது! ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டையும் ஒரே இன்ஜினில் வைத்தால்? 2005-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடி அப்படித்தான் வந்தது. கீழ்வேகத்துக்கு சூப்பர்சார்ஜர், மேல்வேகத்துக்கு டர்போ. பாகங்களும் செலவும் கூட, பின்னர் கைவிட்டார்கள். பென்ஸும் தன் கம்ப்ரஸர் கார்களை விட்டு டர்போவுக்கு மாறியது. இன்று நம் ஊர்ப் பட்ஜெட்டில் நெக்ஸான், வென்யூ என்று கிடைப்பவை டர்போக்களே. டீசல் கார் என்றால் கேட்கவே வேண்டாம், டர்போ இருக்கும்.

நண்பனின் யோசனைக்கு வருவோம். என் பழைய இசியுவின் உள்ளே எக்ஸெல் ஷீட் போன்ற ஓர் அட்டவணை இருக்கிறது: ஒரு பக்கம் சுற்றுகள், மறுபக்கம் காற்றழுத்தம், கட்டத்துக்குள் பெட்ரோல் அளவு. டர்போ இல்லாத காரில் அழுத்தக் கட்டங்கள் சாதாரணக் காற்றழுத்தத்தோடு முடிந்துவிடும், சென்ஸாரும் அதற்கு மேல் அளக்காது. சூப்பர்சார்ஜர் 140 தந்தால் அது எந்தக் கட்டத்தில் தேடும்? பெட்ரோல் போதாமல் இன்ஜின் தட்டும், பிஸ்டன் உருகலாம். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களை அனுமதிப்பதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். தினம் அம்மாவை ஏற்றிச் செல்லும் வண்டியில் எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

பழைய காரை விற்று, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் வாங்கினேன். ஒரு லிட்டரைத் தவிர்த்தது அந்த 1,200 சுற்றுக்காக. கூடவே ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் ஓரிரு நொடி வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வசதி இது. அன்று நாங்கள் பின்னால் உருண்டதற்கு மருந்து டர்போவைவிட இதுதான்.

ஏறி முடித்து நிறுத்தியதும் டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். அரை நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கிறேன். அதற்குள் அம்மா குடையை விரித்துப் பள்ளி வாசலைத் தாண்டியிருப்பார்.