நிக்கோபாரில் நிலம் நடுங்கினால்

எங்கேயோ நிலம் நடுங்கியதாம் என்று வானொலியில் கேட்டதும், நயினாதீவில் ஒரு அம்மா, “உது எங்கட தீவுக்கடியிலயும் வருமோ, பிள்ளை?” என்று என்னிடம் கேட்டார்.

2005 தை மாதக் கடைசியில் நிக்கோபாருக்குக் கிழக்கே கடலடியில் சில நாட்களுக்குள் 5க்கு மேற்பட்ட அளவுடைய நடுக்கங்கள் 150க்கு மேல் பதிவாகின. ஒரு பெரிய நடுக்கம் வந்து பிறகு தணிவதுதான் வழக்கம். இதுவோ கிட்டத்தட்ட ஒரே பலத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அவ்விடங்களைப் படத்தில் புள்ளியிட்டால், இரண்டு நிலத்தட்டுகள் விலகியும் உராய்ந்தும் நகரும் எல்லை தெரியும்.

நாங்கள் அதற்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், இந்தியத் தட்டின் உட்புறத்தில் இருக்கிறோம். எங்களுக்கு ஆபத்து கடல்வழியாகத்தான். 2004 மார்கழி 26 காலை 6.58க்குச் சுமாத்திராவில் நடுங்கியது. வடமராட்சிக் கரைக்கு அலை வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரமும் அங்கிருந்த தாய்மாருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அம்மா யோசித்துவிட்டு, வானொலிக்குப் பற்றறி வாங்கிவரச் சொன்னார்.