கொல்லைக்கு ஓர் அரிவாள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பனியும் ஒருவாறு இறங்கித் தை பிறக்கும் வேளையில், கீழவாஞ்சூரில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கிறவருக்கு, மூன்று மாதங்களுக்கு முன்பு கிணற்றடியிலிருந்து வேலிவரை தடையின்றி நடந்துபோன தரை இதுதானா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. கோவைக்கொடி முருங்கையின் தலைவரை ஏறியிருக்கும். பிரண்டை வேலியை மூடியிருக்கும். கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தாலும் கண்ணில் படாத அளவுக்குப் புல் மண்டியிருக்கும். இவற்றுக்கெல்லாம் நடுவே, உப்பு ஊறிய மணலாயிற்றே என்று சிறிதும் தயங்காமல், காட்டுக்கருவை இடுப்பளவுக்கு நிமிர்ந்து நிற்கும்.

புத்தகங்கள் சீமைக்கருவேல் என்று குறிக்கும் இம்மரம், அமெரிக்கக் கண்டத்து வறண்ட பிரதேசங்களுக்குச் சொந்தமானது. விறகுக்கும் வெற்றுநிலத்தைப் பசுமையாக்குவதற்கும் உதவும் என்ற நம்பிக்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடுமாடுகள் இதன் நெற்றைத் தின்று சாணத்தோடும் புழுக்கையோடும் விதைத்துப் போவதால், யாரும் நடாமலே ஊரெங்கும் பரவிவிட்டது. முள் குத்தினால் சீழ் வைக்காமல் விடாது என்பதை இவ்வூரில் செருப்பின்றி நடந்து வளர்ந்த ஒவ்வொருவரும் அறிவர்.

இப்போதெல்லாம் பொக்லைன் எந்திரத்தைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் கொல்லை சமதரையாகிவிடுகிறது. ஆனால் கருவையோடு சேர்த்து, சளிக்கு வேண்டிய ஆடாதொடையையும், ஆவி பிடிக்க வேண்டிய நொச்சியையும், விழுதூன்றி மணலைப் பிடித்து நிற்கும் தாழையையும் அது வாரிக்கொண்டு போய்விடுகிறதே! எதை வெட்டுவது, எதை விடுவது என்ற விவேகம் கைக்கும் கண்ணுக்கும் உரியது. அந்த விவேகத்துக்கு இசைந்து நடக்கும் கருவி அரிவாள் ஒன்றே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அரிவாள் என்றவுடன் திருப்பாச்சேத்தியையும் திரைப்படத்து வீச்சரிவாளையும் நினைப்பவர்களே இன்று அதிகம் என்பது எனக்குப் பெரிய மனக்குறை. கதிர் அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள், பாளை சீவப் பாளையரிவாள், முள்ளும் மட்டையும் கழிக்க வெட்டரிவாள் என்று, தொழிலுக்கொரு வடிவமாகக் கொல்லர்கள் வகுத்துத் தந்த செல்வம் அது. கொல்லைக்கு வேண்டியது வெட்டரிவாள்: முழங்கை நீளம், ஏறக்குறைய ஒரு கிலோ எடை, கிளையைக் கொக்கிபோல் இழுத்துப் பிடிக்க நுனியில் சற்றே வளைந்த மூக்கு.

என்னுடையதை அடித்துக் கொடுத்தவர் நாகூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், எழுபதைக் கடந்தவர். முதலில் என் வலது கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் இரும்பைத் தொட்டார். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை உலையில் வைத்து, கரி கனன்று அது செம்மஞ்சளாகும்வரை காத்திருந்து, குறட்டால் பிடித்துப் பட்டறைக் கல்லில் வைத்தபோது, அவர் மகன் சம்மட்டியை ஓங்க, இவர் சிறு சுத்தியலால் அடிக்க வேண்டிய இடத்தைத் தட்டிக் காட்டினார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகு தடித்தும் வாய்ப்பக்கம் மெலிந்தும் அலகு உருவான பின், தோய்ச்சல் வைக்கும் கட்டம் வந்தது. முழு அலகையும் அமிழ்த்தாமல் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகில் தங்கிய சூடு மெல்ல இறங்கி வருவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். வெள்ளையாக இருந்த வாயில் வைக்கோல் நிறம் படர்ந்தது. அது பழுப்பாகத் திரும்பும் தறுவாயில் சட்டென்று முழுவதையும் நீரில் அமிழ்த்தினார்.

“முன்னாடியே முக்குனா வாயி பல்லு பல்லா விழுந்துடும் தம்பி, நீலம் பாஞ்ச பிறகு முக்குனா மடங்கிடும்” என்றார். காம்பைச் சுடவைத்து மரப்பிடியில் இறக்கிப் பூண் மாட்டிக் கொடுக்கும்போது, “நீங்க அமுக்க வேணாம். அருவா அது எடையில விழும். கையி வழி காட்டுனாப் போதும்” என்றும் சொன்னார்.

அரிவாள் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் காரணத்தையும் எழுதி வைக்கும்படி 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. குற்றங்களைத் தடுக்க அது அவசியம்தான். 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ மிஞ்சிய கூரிய ஆயுதங்களுக்கு உரிமம் கேட்கும் ஆயுதச் சட்ட விதிகளும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உரியவற்றை விலக்கியே வைத்திருக்கின்றன. ஆயினும் சாக்கில் சுற்றிய அரிவாளோடு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, கீழவாஞ்சூர் இருக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள் நுழைந்தபோது, சாவடியில் யாரும் கேட்குமுன்பே நானே சாக்கை அவிழ்த்துக் காட்டினேன்.

கருவையை வெட்ட இடது கையில் ஒரு கவைக்கோல் வேண்டும். முள்கிளையை அதனால் தள்ளிப் பிடித்து, காலை வெட்டு விழும் திசையிலிருந்து விலக்கி ஊன்றி, அரிவாளை உடம்புக்கு வெளிப்புறமாகவே சாய்த்து இறக்க வேண்டும். உச்சியிலிருந்து தொடங்காமல் பக்கக் கிளைகளை முதலில் கழித்தால், தண்டு தானாகக் கைக்கு வரும். தரைக்கு மேலே கூராக நிற்கும்படி முளையை விட்டுவைப்பது பெரிய பாதகம். மறுநாள் அதன்மேல் கால் வைப்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையாகவே இருக்கும்.

முதல் வருஷம் நான் அத்தனையும் செய்து, கொல்லை துலங்கிவிட்டதென்று பூரித்திருந்தேன். சில வாரங்களுக்குள் வெட்டிய ஒவ்வோர் அடிக்கட்டையிலிருந்தும் ஐந்தாறு தளிர்கள் கொத்தாகக் கிளம்பிவிட்டன. பட்டறைக்காரரிடம் போய் முறையிட்டபோது, அவர் அரிவாளை வாங்கி வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைக் காட்டினார். வேர்க்கழுத்து மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே பிழைத்திருக்கும் மொட்டுகளை அரிவாள் தொடாது. சுற்றித் தோண்டி அடியோடு பெயர்த்தால்தான் உண்டு.

இவ்வருஷம் பொங்கல் கழிந்த மறுவாரம் பதினொரு கட்டைகளைப் பெயர்த்தேன். நொச்சியும் தாழையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடற்காற்று இரும்பை ஒரே இரவில் துருவேற்றிவிடுமாதலால், அரிவாளைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வாய் ஓட்டுப் பக்கமாகவும் பிடி வெளியே தெரியும்படியாகவும் இறவாணத்தில் செருகி வைத்திருக்கிறேன்.